நல்லபோர் வெளியில் மூன்று பழைய மாணவிகள்

(பாடசாலையின் நூற்றாண்டு நிறைவையொட்டி மெல்பேணில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அக்கா, பாடசாலை நினைவுகளைப் பற்றி ஆறேழு பேர் பேசுகினம். நீங்கள் வேற ஏதாவது பேசுங்கோ. அந்தக் கராவன் பயணத்தைச் சொன்னால் என்ன?" என்று எங்கள் செயலாளர் தங்கச்சி தொலைபேசியில் கேட்டார். பாடசாலை விழாவில் கராவனைப் பற்றிப் பேசுவதா என்று முதலில் யோசித்தேன். பிறகு பார்த்தால், அந்தப் பயணத்தில் எங்கள் விடுதி வாழ்க்கை வராத நாளே இல்லை. ஆனபடியால் ஒப்புக்கொண்டேன்.

2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், அறுபத்தேழு வயதான மூன்று பெண்கள் ஒரு காரில் கராவனைக் கொழுவிக்கொண்டு மெல்பேணிலிருந்து பேர்த்துக்குப் போனோம். கிட்டத்தட்ட 3,400 கிலோமீற்றர். ஒருத்தி ரொரன்ரோவிலிருந்து வந்தவள். மற்றவள் கிளிநொச்சியிலிருந்து வந்தவள். மூன்றாவது நான். மூவரும் ஒரே வகுப்பு, ஒரே விடுதி, பக்கத்துப் பக்கத்துக் கட்டில். தங்கள் பெயரைச் சொல்லக்கூடாது என்பது இருவரினதும் கண்டிப்பான உத்தரவு. ஆகவே ஒருத்தியைக் கனடாக்காரி என்றும் மற்றவளை ஊர்க்காரி என்றும் சொல்கிறேன். வயதை வைத்து எந்த வகுப்பென்று கணக்குப் பார்க்கிறவர்கள் பாருங்கோ.

முதலில் கராவன் எப்படி எங்கள் வீட்டுக்கு வந்தது என்று சொல்லவேண்டும். என் கணவர் ஓய்வுபெற்ற ஆண்டு வாங்கியது. பதினெட்டு அடி நீளம், இரண்டாம் கை. அதில் கிராம்பியன்ஸ் மலைப்பக்கமும், லேக்ஸ் என்ட்ரன்ஸ் கடற்கரைக்கும் போய்வந்தோம். அவர் ஓட்டுவார். நான் பக்கத்தில் இருந்து பிளாஸ்கில் தேநீர் ஊற்றிக் கொடுப்பேன். 2015இல் அவர் காலமானார். அதன் பிறகு இரண்டு வருடம் கராவன் வீட்டு ஓரத்தில் அப்படியே நின்றது. மேலே இலையும் பாசியும் பிடித்தது. "வித்துப்போடுங்கோ அம்மா, சும்மா இடத்தை அடைச்சுக்கொண்டு நிக்குது" என்று பிள்ளைகள் சொன்னார்கள். சரி என்று விளம்பரம் கொடுத்தேன்.

வாங்க வந்தவர் நல்ல மனிதர். உள்ளே எல்லாம் திறந்து பார்த்துவிட்டு, "கொஞ்சம் பின்னுக்கு எடுத்து வெளியில் விடுவீர்களா, அடிப்பக்கம் பார்க்கவேண்டும்" என்றார். எனக்குத் தெரியாது. எட்டு வருடம் பக்கத்தில் இருந்து போயிருக்கிறேன், ஒரு நாள்கூடக் கொழுவிப் பார்த்ததில்லை. இத்தனைக்கும் இந்த நாட்டில் முப்பது வருடம் கார் ஓட்டுகிறேன். அன்றைக்கு வந்த வெட்கத்தில் விற்கவில்லை. அடுத்த மாதம் ஒரு நாள் பயிற்சி வகுப்புக்குப் போனேன். பதினொரு பேர் வந்திருந்தார்கள், அதில் நான்தான் வயது கூடியவள்.

கராவனைப் பின்னுக்கு எடுப்பது இடம்வலம் மாறின வேலை. ஸ்ரியறிங்கை வலது பக்கம் திருப்பினால் கராவனின் பின்பக்கம் இடது பக்கம் போகும். மூளை இதை ஏற்றுக்கொள்ளாது. பயிற்றுநர் ஒரு வழி சொல்லித் தந்தார். ஸ்ரியறிங்கின் மேற்பக்கத்தைப் பிடிக்காமல் அடிப்பக்கத்தை ஒரு கையால் பிடிக்கவேண்டும். கராவனின் பின்பக்கம் எந்தப் பக்கம் போகவேண்டுமோ, கையை அந்தப் பக்கம் நகர்த்தினால் போதும். இவ்வளவுதான். இதை ஏன் இவர் எனக்கு ஒருநாளும் சொல்லவில்லை என்று வீட்டுக்கு வந்து அவருடைய படத்துக்கு முன்னால் நின்று கோபித்தேன். நான் ஒருநாளும் கேட்கவில்லை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

வட்சப்பில் எங்கள் வகுப்புக் குழுவில் இதை எழுதினேன். கனடாக்காரி உடனே, "அப்ப நாங்கள் வாறம்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். பத்து மாதத்தில் இரண்டு பேரும் விமான நிலையத்தில் நிற்கிறார்கள்! ஊர்க்காரிக்கு விசா எடுத்த கதை ஒரு தனி உரைக்குக் காணும், அதை விடுவோம்.

எங்கள் கராவனில் இரண்டு பேருக்குக் கட்டில் உண்டு. சாப்பாட்டு மேசையை இறக்கிப் பலகை போட்டால் இன்னொருவர் படுக்கலாம், ஆனால் கால் நீட்டமுடியாது. அதனால் ஒரு சின்னக் கூடாரம் புதிதாக வாங்கி வைத்திருந்தேன். ஒவ்வொரு இரவும் முறைவைத்து ஒருத்தி கூடாரத்தில் படுப்பது என்பது என் திட்டம். விடுதியில் துடைப்ப முறை போட்ட மாதிரி ஒரு அட்டவணைகூட எழுதி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தேன்.

ஊர்க்காரி அட்டவணையைப் பார்த்தாள். "நான் தரப்பாளுக்குக் கீழ படுக்கமாட்டன். வேற என்னவெண்டாலும் செய்யிறன்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஆறு மாதமாக அவளுக்குத் தொலைபேசியில் "முகாம் போடுவம், முகாம் போடுவம்" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். ஆங்கிலத்தில் காம்பிங் என்றால் விடுமுறை. எங்கள் பாசையில் முகாம் என்றால் என்னவென்று இந்த மண்டபத்தில் பாதிப்பேருக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்தைவிட்டு நடந்த சனத்தோடு அவளும் நடந்தவள். 2009இல் செட்டிகுளத்தில் கம்பிவேலிக்குள் பல மாதம் இருந்தவள். நான் 1984இலேயே வெளிக்கிட்டவள். இதையெல்லாம் பத்திரிகையில் வாசித்தவள். அட்டவணையைக் கிழித்துப் போட்டேன். கனடாக்காரி, "கூடாரம் எனக்கு. நான் குறட்டை விடுறனான், உங்களுக்கும் நல்லது" என்று சொல்லி அந்த இடத்தைச் சமாளித்தாள்.

முதல் நாளே ஒரு சோதினை. பல்லராற் தாண்டிப் போகும்போது, மணிக்கு தொண்ணூறு கிலோமீற்றர் வேகத்தில், கராவன் பாம்பு மாதிரி நெளியத் தொடங்கியது. பின்பக்கம் இடமும் வலமும் ஆட, காரையும் சேர்த்து இழுக்கிறது. இந்த நேரத்தில் கால் தானாகவே பிறேக்குக்குத்தான் போகும். அங்கேதான் ஆட்கள் பிரள்வது. பிறேக்கைத் தொடக்கூடாது, ஸ்ரியறிங்கை நேராகப் பிடித்தபடி வேகமிதியிலிருந்து காலை எடுக்கவேண்டும், கையெட்டும் இடத்தில் இருக்கும் கராவனின் தனி மின்பிறேக்கை மெதுவாக அழுத்தவேண்டும் என்று வகுப்பில் சொன்னது ஞாபகம் வந்தது. அப்படியே செய்தேன். நெளிவு நின்றது. ஓரத்தில் நிறுத்திவிட்டு மூன்று பேரும் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை.

பிழை என்னுடையது. பின்பக்கத்துப் பெட்டிக்குள் இரண்டு அரிசிச் சாக்கு, மா, பருப்பு, ரின் மீன், அம்மி மாதிரிக் கனமான இடியப்ப உரல் எல்லாம் அடுக்கியிருந்தேன். கராவனின் மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்களவு முன்னுக்கு, கொழுக்கிப் பந்தின் மேல் இருக்கவேண்டும். பாரம் பின்னுக்குப் போனால் முன்பக்கம் தூக்கும், பிறகு காற்று அடித்தாலோ பெரிய லொறி ஒன்று கடந்துபோனாலோ ஆட்டம் தொடங்கும். றோட்டோரத்தில் வைத்து எல்லாவற்றையும் இறக்கி, சில்லுகளுக்கு மேலேயும் அதற்குச் சற்று முன்னாலும் வரும்படி அடுக்கினோம். "மூண்டு கிழவியளுக்கு நாப்பது கிலோ அரிசி எதுக்கடி?" என்று கனடாக்காரி கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. சாமான் காணாமல் போய்விடும் என்ற பயம் எங்கள் ஆட்களுக்கு எங்கே போனாலும் போகாது போலிருக்கிறது.

அடிலெயிட்டில் இரண்டு நாள் தங்கினோம். அதற்குமேல் வடக்கே போர்ட் ஒகஸ்ரா. அங்கிருந்துதான் எயர் நெடுஞ்சாலை மேற்கே தொடங்குகிறது. நோஸ்மன் என்ற ஊர்வரை 1,660 கிலோமீற்றர். முழுவதும் தார் போட்டு முடிந்தது 1976இல்தான். எட்வேட் ஜோன் எயர் என்ற ஆங்கிலேயர் 1841இல் இந்தக் கரையோரமாக நடந்து கடந்தார், அவருடைய பெயர்தான் றோட்டுக்கு. கடைசிவரை அவரோடு நடந்து முடித்தது வைலி என்ற பழங்குடி இளைஞன். வழியில் அங்குள்ள பழங்குடி மக்கள் மணலைத் தோண்டி நீர் காட்டியிருக்கிறார்கள். வேறிடத்தில் எயர் செடிகளின் இலைகளில் இருந்த பனித்துளியைக் கடற்பஞ்சால் ஒற்றிப் பிழிந்து குடித்திருக்கிறார். இதை நான் வாசித்துச் சொன்னபோது ஊர்க்காரி மட்டும் கவனமாகக் கேட்டாள்.

அந்த வெளியின் பெயர் நல்லபோர். இலத்தீன் மொழியில் மரமில்லாதது என்று பொருள். கனடாக்காரி பலகையை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "நல்ல போரா?" என்று சிரித்தாள். "அப்பிடி ஒண்டு எங்க இருக்கு?" என்று பின்சீற்றிலிருந்து பதில் வந்தது.

நிறையப் பேர் எரிபொருள் முடிந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். அது தேவையற்ற பயம். செடூனாவுக்கு அப்பால் ஊர் என்று சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லைத்தான், ஆனால் றோட்ஹவுஸ் என்கிற நிலையங்கள் உண்டு. டீசல், சாப்பாடு, படுக்கை எல்லாம் கிடைக்கும். ஆகக்கூடிய இடைவெளி இருநூறு கிலோமீற்றருக்குள்தான். ஆனால் கராவனை இழுக்கும்போது கார் குடிக்கும் டீசல் ஏறக்குறைய இரட்டிப்பாகும், எதிர்க்காற்றென்றால் இன்னும் கூடும். ஆகவே பாதித்தாங்கி இருக்கும்போதே நிரப்பிவிடவேண்டும், விலையைப் பார்த்து வயிறெரியக் கூடாது. பொழுதுபடுமுன் வண்டியை நிறுத்திவிடவேண்டும். மாலை மங்கினால் கங்காருகள் றோட்டுக்கு வரும். ஒட்டகம், வொம்பற், கங்காரு மூன்றையும் போட்ட ஒரு மஞ்சள் பலகை அங்கே பெயர்பெற்றது, மூன்று பேரும் அதன்கீழ் நின்று படமெடுத்தோம். சில இடங்களில் றோட்டின்மேலேயே வெள்ளைக் கோடு போட்டு விமான ஓடுபாதை ஆக்கியிருக்கிறார்கள். பறக்கும் வைத்தியர் சேவையின் விமானம் அவசரத்துக்கு அதில் இறங்கும். அதைக் கண்டதும் எனக்குப் பயம் குறைந்தது, கனடாக்காரிக்குக் கூடியது.

எல்லாப் பெண்களும் என்னிடம் தனியாக வந்து கேட்பது கழிப்பறையைப் பற்றித்தான். அதையும் சபையிலேயே சொல்லிவிடுகிறேன். கராவனுக்குள் கழிப்பறை உண்டு. அடியில் ஒரு பெட்டி, மருந்து ஊற்றிய பெட்டி. இரண்டு மூன்று நாளுக்கொருதரம் அதை உருவி எடுத்து, அதற்கென்று உள்ள இடத்தில் ஊற்றிக் கழுவவேண்டும். இந்த வேலைக்கு மட்டும் முறை அட்டவணை இருந்தது. ஒருவரும் தவறவில்லை.

ஹெட் ஒவ் பைற் என்ற இடத்தில் திமிங்கிலம் பார்த்தோம். தென்சமுத்திரத்துக் குளிரிலிருந்து குட்டி போட அங்கே வரும். யூன் முதல் ஒக்ரோபர் வரை காணலாம். மலைமுகட்டில் மரப்பலகை நடைபாதை கட்டியிருக்கிறார்கள். கீழே கைக்கெட்டும் தூரத்தில் என்று சொல்லலாம், தாயும் குட்டியும் அசையாமல் மிதக்கின்றன. அந்த நிலம் யலற்றாப் பழங்குடி மக்களுடையது. நாங்கள் இரண்டு மணித்தியாலம் நின்றோம். மூன்று பேரும் பேசாமல் நின்ற மிக நீண்ட நேரம் அதுதான்.

தெற்கு அவுஸ்திரேலியா முடிந்து மேற்கு அவுஸ்திரேலியா தொடங்குமிடத்தில் சோதனைச் சாவடி. எங்கள் ஆட்களுக்குச் சாவடி என்றால் வயிறு கலங்கும். இங்கே தேடுவது பழம், மரக்கறி, தேன். பூச்சியும் நோயும் உள்ளே வராமல் தடுப்பதற்கு. முதல்நாள் இரவே இது தெரிந்து, இருந்த கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, வெங்காயம் எல்லாவற்றையும் சமைத்துத் தள்ளினோம். அடிலெயிட்டில் வாங்கிய கங்காருத்தீவுத் தேனை ரொட்டிக்குப் பூசியும், மிச்சத்தைக் கரண்டியால் அள்ளியும் முடித்தோம். கறிவேப்பிலையை மட்டும் மறந்துபோனேன். என் வீட்டுச் சாடியில் பதினைந்து வருடமாக வளர்த்த மரத்து இலை. அதிகாரி மிகப் பணிவாக வாங்கித் தொட்டிக்குள் போட்டார். ஊர்க்காரி அவ்வளவு நேரமும் கடவுச்சீட்டை நெஞ்சோடு பிடித்தபடி காருக்குள் இருந்தாள். "ஐடென்ரிக் காட் கேக்கேல்லையே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ஒருவரும் கேட்கவில்லை.

எல்லை தாண்டியதும் மணிக்கூட்டை நாற்பத்தைந்து நிமிடம் பின்னுக்கு வைக்கவேண்டும். சட்டத்தில் எழுதாத, அந்தச் சில றோட்ஹவுஸ்காரர்கள் மட்டும் பாவிக்கும் ஒரு நேரம் அது. கைகூனா தாண்டினால் இன்னுமொரு நாற்பத்தைந்து. யூக்ளாவில் 1877இல் திறந்த தந்திநிலையம் மணலில் புதைந்துகிடக்கிறது. நேரமில்லாமல் எட்டிப் பார்த்துவிட்டு வந்தோம்.

இனித்தான் நான் சொல்லவந்த விசயம்.

மதூராவுக்கு அப்பால், றோட்டைவிட்டுச் சற்று உள்ளே, இலவசமாகத் தங்கக்கூடிய ஓர் ஓய்விடத்தில் பின்னேரம் நிறுத்தினோம். எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. தொலைபேசிக்குச் சிக்னல் இல்லை. சோற்றுக்கு உலை வைக்கக் குழாயைத் திறந்தால் காற்றுத்தான் சீறுகிறது. வெளியே போய்க் குனிந்து பார்த்தேன். கராவனின் அடியில் நூற்றறுபது லீற்றர் தண்ணீர்த்தாங்கி. அதன் வடிகுழாயின் வாயைக் கல்லொன்று அடித்து உடைத்திருக்கிறது. சரளைப்பாதையில் நான் கொஞ்சம் வேகமாகப் போனதன் பலன். முழுத் தண்ணீரும் வழியில் போய்விட்டது.

மிச்சம் இருந்தது இருபது லீற்றர் கான் ஒன்று, ஒன்றரை லீற்றர் போத்தல் ஆறு. நோஸ்மன் ஐந்நூறு கிலோமீற்றருக்கு மேல். எங்கள் வேகத்துக்கு இரண்டு நாள். உயிர்போகிற விசயம் இல்லை, நான் பெரிதுபடுத்தவில்லை. றோட்ஹவுஸில் குடிக்கப் போத்தல் தண்ணீர் காசுக்கு வாங்கலாம். ஆனால் அங்கே குழாய்த்தண்ணீர் கேட்டு நிற்க முடியாது. நிலத்தடியில் இருப்பது உவர். அவர்களே சொட்டுச்சொட்டாகப் பாவிக்கிறார்கள். அந்த இருட்டும் வேளையில் எனக்கு எல்லாம் முடிந்துபோன மாதிரித்தான் இருந்தது. மகன்மார் சொன்னது சரி, இந்த வயதில் இது தேவையில்லாத வேலை, இவர் இருந்திருந்தால் இப்படி நடந்திராது என்று படியில் இருந்து அழுதேன். கனடாக்காரி இல்லாத சிக்னலைத் தேடித் தொலைபேசியைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு நடந்தாள்.

ஊர்க்காரி கானைத் தூக்கிப் பார்த்தாள். "இருவது லீற்றரும் மூண்டு பேருமோ? ஏழு பேருக்கு இதுதானடி ஒரு நாளைக்கு. எழும்பு" என்றாள்.

பிறகு நடந்ததை உங்களுக்குப் பிரயோசனப்படும் என்பதற்காகச் சொல்கிறேன். முதலில் கானை யாரும் தொடக்கூடாது என்று பொறுப்பெடுத்தாள். குடிக்க, சமைக்க, கழுவ என்று மூன்றாகப் பிரித்தாள். சோறு இல்லை, புட்டு. புட்டுக்கு மாக் குழைக்கக் கொஞ்சம், ஆவிக்குக் கொஞ்சம், அந்த ஆவித்தண்ணீர் ஆறினபிறகு கை கழுவ. கோப்பைகளை முதலில் பழைய பத்திரிகையால் துடைத்து, பிறகு ஒரேயொரு குவளைத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றினாள். முகம் கழுவிய தண்ணீரை ஏதனத்தில் பிடித்து வைத்துக் கழிப்பறைக்கு. இரவு பாத்திரங்களை வெளியே கவிழ்க்காமல் நிமிர்த்தி வைத்தாள். விடியப் பனி இறங்கியிருந்தால் துடைக்கலாம் என்றாள். எயர் கடற்பஞ்சால் செய்த வேலை!

அடுத்தது தாங்கியின் ஓட்டை. மரக்கரண்டி ஒன்றின் காம்பைக் கத்தியால் சீவி ஆப்பாக்கினாள். பாத்திரம் கழுவும் இறப்பர்க் கையுறையை வளையமாக வெட்டி அதன்மேல் இறுக்கிச் சுற்றினாள். கராவனுக்குக் கீழே மல்லாந்து படுத்து, கல்லால் தட்டி அடைத்தாள். பொருளாதாரத் தடைக்காலத்தில் சைக்கிள் ரியூப் கீலத்தால் எத்தனை அடைத்தோம் என்று கீழேயிருந்து கதை சொன்னாள். நான் ரோச் பிடித்துக்கொண்டு நின்றேன்.

விடுதியில் மாரி பொய்த்த வருடம் மேற்றன் கிணற்றடியில் நின்று ஆளுக்கு ஆறு வாளி என்று எண்ணியது, நான் ஏழாவதைக் கள்ளமாக அள்ளி ஒரு கிழமை வெளியே போகத் தடை வாங்கியது எல்லாம் கதைத்தோம். ஒரு விசயம் கவனித்தீர்களா? நல்லபோரும் சுண்ணாம்புக்கல், எங்கள் குடாநாடும் சுண்ணாம்புக்கல். இரண்டும் மயோசீன் காலத்துக் கடலடியில் படிந்தவை. நல்லபோர் மட்டும் இரண்டு இலட்சம் சதுர கிலோமீற்றர், முழு இலங்கையைப்போல் மூன்று மடங்கு. புத்தூர் நிலாவரையைப் போல, அங்கே கொக்கிள்பிடியிலும் நிலத்துக்கடியில் நீர் நிரம்பிய பெரிய குகை இருக்கிறது. எங்களுக்கு மாரிமழை வந்து உவருக்கு மேல் நன்னீரை மிதக்கவிட்டுப் போகிறது. அங்கே அந்த மழை இல்லை. எங்கள் புவியியல் ரீச்சர் கரும்பலகையில் கீறிய படம் ஐம்பது வருடம் கழித்து அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. ரீச்சர், நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று தெரியும். சோதினையில் அந்தக் கேள்வியை விட்டவள் நான்தான்.

அன்றிரவு நல்ல குளிர். கனடாக்காரி கூடாரத்துக்குள் போய்விட்டாள். நடுச்சாமம் போல விழித்துப் பார்த்தால் ஊர்க்காரியின் பலகை வெறுமையாக இருக்கிறது. பதைத்து வெளியே ஓடினேன். கூடாரத்திலிருந்து இருபதடி தள்ளி, வெறுந்தரையில் பாயை விரித்து, இரண்டு போர்வைக்குள் மல்லாந்து கிடக்கிறாள். மேலே அவ்வளவு நட்சத்திரம். மின்வெளிச்சம் இல்லாத அந்த வானத்தை நான் எங்கள் ஊரில் சின்ன வயதில் கண்டதுதான்.

"உனக்குப் பயமில்லையே?" என்று கேட்டேன்.

"மேல ஒண்டும் இல்லாட்டிப் பயமில்லை. காத்துக்குத் தரப்பாள் அடிக்கிற சத்தம்தான்..." என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அங்க நித்திரை வராது. எந்த நேரமும் ஆரோ பேர் கூப்பிடுவாங்கள்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் மெத்தையைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டுப் படுத்தேன். விடிய இரண்டு பேருக்கும் தடிமன்.

பயணம் முடியும்வரை அவள் கூடாரத்துக்குள் ஒருநாளும் போகவில்லை. நாங்களும் கேட்கவில்லை. மழையில்லாத இரவெல்லாம் பாய் வெளியேதான்.

மறுநாள் கைகூனாவிலிருந்து 146.6 கிலோமீற்றர் ஒரு வளைவுகூட இல்லாத நேர்றோட். எல்லோரும் இதில் அலுப்பென்பார்கள். முப்பத்தாறு மீற்றர் நீளமான றோட் ரெயின் லொறிகள் எதிரே வரும்போது கராவனை ஒரு உந்து உந்தும், அலுப்பு அதோடு போய்விடும். அந்த நேர்றோட்டில் வண்டியை ஓரங்கட்டி, ஊர்க்காரியைப் பத்து நிமிடம் காருக்குள் ஓட்டுநர் சீற்றில் இருத்தினேன். அங்கே ஓட்டுவதற்கு அவளிடம் அனுமதிப்பத்திரம் இல்லை. ஆகவே இயந்திரத்தை நிறுத்திவிட்டுத்தான். சங்கப் பொருளாளர் சட்டத்தரணி என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பல்லடோனியாவில் 1979இல் விழுந்த ஸ்கைலாப் விண்நிலையத்தின் துண்டுகளைப் பார்த்தோம். நோஸ்மனில் தாங்கியை நிரப்பினோம். ஆப்பு ஒரு துளி ஒழுகவில்லை. மூன்று பேரும் தலைமுழுகினோம். கானுக்குள் இன்னும் இரண்டு லீற்றர் மிச்சம் இருந்தது.

பேர்த்திலிருந்து இருவரும் விமானம் ஏறினார்கள். விற்கச்சொன்ன மூத்தமகன் லீவெடுத்துப் பறந்துவந்து என்னோடு காரில் திரும்பினான். நான் ஓட்டினேன், அவன் தேநீர் ஊற்றினான்.

மெல்பேணில் திருத்துநரிடம் கராவனைக் காட்டியபோது அவர் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, இது யார் செய்த வேலை என்று கேட்டார். சொன்னேன். புதுக்குழாய் போடவா என்றார். ஒழுகவில்லைத்தானே, இருக்கட்டும் என்றேன்.

கராவன் இப்போதும் வீட்டு ஓரத்தில்தான் நிற்கிறது. பின்னுக்கு எடுக்கப் பழக விரும்பும் தங்கைமார் ஞாயிற்றுக்கிழமை காலமை வாருங்கோ. புட்டும் தருவேன்.